ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

என்னிடம் 1997 மாடல் மாருதி 800 ஒன்று இருந்தது. மீட்டர் 1,80,000 கிலோமீட்டரைத் தாண்டியதும் நீலப் புகை கக்க ஆரம்பித்தது. "ரிங் போய்விட்டது சார். ரிங் செட்டை மட்டும் மாற்றினால் பாதிச் செலவில் முடிந்துவிடும்" என்றார் பட்டறைக்காரர். பிஸ்டனைச் சுற்றியிருந்து, சிலிண்டர் சுவரோடு உரசியபடி ஏறி இறங்கும் வளையம்தான் ரிங். காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். ஆறாவது வாரம் எஞ்சினை மறுபடி இறக்கினோம். நடு சிலிண்டரில் மேல் ரிங் இரண்டு துண்டாகியிருந்தது. சுவரில் அது கீறிய கோடு, விரலால் தடவினால் நகத்தில் சிக்கியது.

காரணம் எளிது. ரிங் ஏறி இறங்கும் இடம்தான் தேயும். அதற்கு மேலே தேயாத பகுதி மெல்லிய விளிம்பாக நிற்கும். பழைய ரிங்கின் ஓரமும் சேர்ந்தே தேய்ந்திருப்பதால் அது முட்டாது. புது ரிங்கின் கூரான ஓரம் முட்டும். அத்தோடு சிலிண்டர் சீராகவும் தேய்வதில்லை. மேலே அதிகம், கீழே குறைவு, வட்டமும் சற்று முட்டை வடிவமாகிவிடும். சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்காமல் "ரிங் போதும்" என்று யாராலும் சொல்ல முடியாது. லேத் பட்டறையில் அளவெடுக்கக் கேட்கும் கூலி சொற்பம். நான் மிச்சம் பிடித்தது அந்தக் கூலியைத்தான்!

உண்மையில், எஞ்சினை இறக்கும் முன்பே ஒரு சோதனை இருக்கிறது. அழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் கேஜில் ஒவ்வொரு சிலிண்டரையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் பாருங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று புகைந்து பிறகு அடங்கிவிடும் கார்களில் பெரும்பாலும் வால்வு வழியே ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல்தான் குற்றவாளி. அதற்குப் போய் எஞ்சினையே பிரிக்கிறார்கள்.

இரண்டாவது முறை போரிங் போட, அதாவது தேய்ந்த சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைய, முடிவு செய்தேன். அதிலும் ஒரு தவறு: முதலில் 0.25 மில்லிமீட்டர் கடைந்துவிட்டு, அப்புறம் பிஸ்டன் வாங்கக் கடைக்குப் போனேன். ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் 0.50 ஓவர்சைஸ் (அசல் அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரிய) பிஸ்டன்தான் இருந்தது. மறுபடி லேத், மறுபடி கூலி. பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டுதான் லேத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பக் கடைவதுதான் முறை.

புது ரிங்கின் வாய் இடைவெளியை, அதாவது அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வெளியைச் சோதிக்காமல் மாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அந்த வெளியில் ஃபீலர் கேஜை (அளவு குறித்த மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.1 மில்லிமீட்டர் என்பது பொதுக் கணக்கு, 68.5 மில்லிமீட்டர் சிலிண்டருக்குச் சுமார் 0.27 வரும். ஆனாலும் கையேட்டில் உள்ள அளவே இறுதி. இடைவெளி போதாவிட்டால், சூட்டில் ரிங் விரிந்து முனைகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரைப் பிறாண்டும்.

ஹோனிங் (சாணைக்கல்லால் சிலிண்டர் சுவரைத் தேய்ப்பது) முடிந்த பிளாக்கை டீசலில் அலசி, காற்றடித்து, நேரே பூட்டிவிடுவார்கள். சாணைக்கல்லின் பொடி டீசலுக்கு அசையாது. வெந்நீர், சோப்புத்தூள், பிரஷ் என்று பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்க்க வேண்டும். பிறகு ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். எனக்கு நான்காவது துணிதான் வெள்ளையாக வந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கைச் சாணை பிடித்திருந்தால் அதன் ஆயில் துளைகளையும் இப்படியே சுத்தம் செய்ய வேண்டும்.

பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் மூடிகளைக் கழற்றும்போதே எண் குறித்துவிடுங்கள். ஒன்றின் மூடி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஹெட் போல்ட்டுகளைக் கைக்கணக்கில் முறுக்காதீர்கள், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். ஹெட் முன்பு சூடேறியிருந்தால் அதன் அடிப்பரப்பு வளையாமல் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல் மூன்றையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

"நம் ஊர் வெயிலுக்கு எதற்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளின் நெடுநாள் வழக்கம். எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், புதுச் சிலிண்டரும் சீக்கிரம் தேயும். உண்மையில் கவனிக்க வேண்டியது அடைத்துக்கிடக்கும் ரேடியேட்டரை.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று பழைய வாகன உதிரிபாகச் சந்தையான சென்னை புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் வாங்கிப் போடுவோரும் உண்டு. அந்த எஞ்சினின் பில்லைக் கேட்டு வாங்குங்கள். எண் மாறுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யைத் திருத்த வேண்டும்.

பூட்டி முடித்ததும் உடனே சாவியைத் திருகித் தெறிக்க விடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். ஓடத் தொடங்கியபின் மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்துவதும் தவறு. மிதமான சுமையில் ஓட்டினால்தான் ரிங் சுவரோடு படியும். 500 கிலோமீட்டரில் முதல் ஆயிலை வடித்து வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். வெயிலில் பிடித்தபோது மெல்லிய பளபளப்பு இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நெருடவில்லை.