ஒன்றுகூடலில் ஒரு பிள்ளை கைநீட்டினால்

மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கமோ ஓட்டிசமுள்ள இளம் பிள்ளைகளுக்கு ஒன்றுகூடல் நடத்துகிறீர்கள் என்றால், என்றைக்காவது ஒருவர் கத்துவார், கதிரையைத் தூக்கி எறிவார், பக்கத்திலிருப்பவருக்கு அடித்தும் விடுவார். "இனிக் கூட்டிவர வேண்டாம்" என்று தாயிடம் சொல்லிவிடுவதுதான் நம்மவர்கள் உடனே எடுக்கும் முடிவு. அது வேண்டாம். அனேகமாக, சத்தமோ வெக்கையோ ஏதோ ஒன்று அவருக்குத் தாங்கமுடியாத அளவுக்கு ஏறியிருக்கும்.

அதனால் முதலில் இடத்தைப் பாருங்கள். ஆடி மாத வெக்கையில் தகரக் கூரைக்குக் கீழே, கடகடக்கும் பேன், வெளியே ஜெனரேட்டர், சீமெந்துத் தரையில் பிளாஸ்டிக் கதிரையை இழுக்கும்போது வரும் அந்தக் கிறீச் சத்தம், இதெல்லாம் சேர்ந்தால் நமக்கே தலையிடிக்கும். கதிரைக் கால்களில் பழைய துணியைச் சுற்றிக் கட்டுங்கள், செலவில்லாத வேலை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கென்று பக்கத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தால் அன்றைய கூடலைத் தள்ளிப்போடுங்கள், ஆனால் அதை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், திடீர் மாற்றமும் சிலருக்குப் பெரிய இடிதான். அப்புறம், யாரையும் கேட்காமல் எழுந்துபோய் உட்கார ஓர் அமைதியான மூலை இருக்க வேண்டும். வேப்பமர நிழல் என்றாலும் சரி.

வெடிப்பதற்கு முன் அடையாளம் காட்டுவார்கள். ஒருவர் காதைப் பொத்துவார், இன்னொருவர் சேர்ட் கொலரைக் கடிப்பார், வேறொருவர் "எத்தனை மணிக்கு முடியும்?" என்று பதில் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கேட்பார். தன் பிள்ளையின் அடையாளம் எது என்று தாய்க்குத் தெரியும், சேர்க்கும் நாளிலேயே கேட்டு எழுதிவையுங்கள்.

மீறிப் போய்விட்டதா? ஒருவர் மட்டும் பேசுங்கள், மற்றவர்கள் வாயை மூடுங்கள். "தம்பி, வெளியே போவமா?" அவ்வளவு போதும். சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அந்த நேரத்தில் கேட்டது உள்ளே போய்ச் சேரவே நேரமெடுக்கும். நேரே முன்னால் நிற்காதீர்கள், கதவை மறிக்காதீர்கள். அவர் வரமாட்டார் என்றால் இழுக்க வேண்டாம், மற்றப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள், அது பத்து மடங்கு லேசு. போனில் வீடியோ எடுப்பவரையும் அப்படியே வெளியே அனுப்புங்கள். குப்புறக் கிடத்தி அமுக்குவதும் நெஞ்சில் ஏறி உட்காருவதும் கூடவே கூடாது, மூச்சடைத்து உயிர் போயிருக்கிறது. யாருக்காவது பலத்த காயம் என்றால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

எல்லாமே இப்படித்தான் என்றும் இல்லை. சிலர் வேண்டுமென்றே அடுத்தவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கிண்டுவார்கள். ஓட்டிசம் அதற்குச் சாட்டு ஆகாது. தனியே கூப்பிட்டு, கூடலின் விதியைத் தாளில் எழுதிக் காட்டி நேரடியாகச் சொல்லுங்கள், ஜாடை பேசினால் விளங்காது.

அடங்கிய உடனே "ஏன் அடிச்ச?" என்று விசாரணை வைக்காதீர்கள், திரும்ப ஏறும். தண்ணீர் கொடுத்துச் சும்மா விடுங்கள். பிறகு ஒரு கொப்பியில் முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதிவாருங்கள், சில வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியவரும். இதுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று அடிக்கத் தொடங்கினால் உடம்பைச் சந்தேகியுங்கள்: பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், மாதவிடாய் வலி, தூக்கமின்மை. வலிப்பும் ஓட்டிசமுள்ளவர்களில் கூடுதலாகவே வரும். கண்ணூறு என்று கழிப்புக் கழிக்கிற வீட்டோடு சண்டை பிடிக்க வேண்டாம், டொக்டரிடமும் காட்டச் சொல்லுங்கள்.

அடி வாங்கிய பிள்ளையை மறந்துவிடுகிறோம். "அவனுக்குத் தெரியாதுதானே, பொறுத்துக்கொள்" என்று அனுப்பிவிடாதீர்கள், அவருக்கும் ஓட்டிசம்தான், அவருக்கும் பயம். அடுத்த வாரம் எங்கே, யாருக்குப் பக்கத்தில் உட்கார விருப்பம் என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.