ரோட்டில் ஓடும் காரை ட்ராக்கில் ஓட்டப் போகிறீர்களா? பிரேக் பேட் தேர்வு செய்வது இப்படி

சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கின் நீளம் 3.717 கிமீ, வளைவுகள் 12. கம்பெனி பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை) போட்ட காரில் நல்ல வேகத்தில் மூன்று நான்கு சுற்று ஓட்டினால் பெடலில் ஏதோ மாறுவது காலுக்கே தெரியும். காரணம் சூடு. ஓட்டுபவரையும் சேர்த்து 1,200 கிலோ உள்ள ஹேட்ச்பேக், 160 கிமீ வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது ஏறத்தாழ 0.89 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதே கார் 80-இலிருந்து முழுதாக நிற்கும்போது உண்டாகும் வெப்பத்தைப் போல இது மூன்று மடங்கு. இதில் முக்கால் பங்கு முன் சக்கரங்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ டிஸ்க் ஒவ்வொன்றும் அந்த ஒரே பிரேக்கில் 130 டிகிரி செல்சியஸ் ஏறும். அடுத்த வளைவு வருவதற்குள் அதில் கொஞ்சம்தான் ஆறும். மிச்சம் அப்படியே சேர்ந்துகொண்டே போகும். கோவை செட்டிபாளையத்தின் கரி ஸ்பீட்வே போன்ற சிறிய ட்ராக்கில் வேகம் குறைவு. ஆனால் இரண்டு பிரேக்குக்கு நடுவே ஆற நேரமும் குறைவு.

சாதாரண ஆர்கானிக் பேட் (பிசினில் நார்களைச் சேர்த்துச் செய்த ரோடு பேட்) 300–350 டிகிரியைத் தாண்டினால் பிடி இழக்கத் தொடங்கும். ட்ராக்கில் முன் டிஸ்க் 500 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை டிகிரி வரை இதன் பிடி மாறாமல் இருக்கும் என்பதுதான். எவ்வளவு நன்றாகப் பிடிக்கும் என்பது அதற்குப் பிறகு. பிடிக்கு மேல்வரம்பு வைப்பது டயர். ரோடு டயரில் உராய்வுக் கெழு (பிடியின் அளவு) 0.4 உள்ள பேடே சக்கரத்தை லாக் ஆகும் அளவுக்குப் பிடித்துவிடும். 0.6 உள்ள ரேஸ் பேட் போட்டால் கார் சீக்கிரம் நிற்காது, சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் தான் சீக்கிரம் வேலை செய்யும்.

பேடின் முதுகிலோ ஓரத்திலோ எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எழுத்து குறைந்த சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது கூடிய சூட்டில் உள்ளது. இ என்றால் 0.25–0.35, எஃப் 0.35–0.45, ஜி 0.45–0.55. ஆனால் அந்தச் சோதனையின் உச்ச வெப்பமே ஏறக்குறைய 340 டிகிரிதான். நமக்குச் சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான். எனவே எழுத்தை நம்பி வாங்காதீர்கள். தயாரிப்பாளர் வெளியிடும் வெப்பம்–உராய்வு வரைபடத்தைக் கேளுங்கள். கோடு 100-இலிருந்து 550 டிகிரி வரை சமமாக ஓடினால் நல்ல பேட். நடுவில் மேடு கட்டினால் பிரேக்கை அளந்து பிடிக்க முடியாது. செராமிக் என்று விற்கும் ரோடு பேடும் ட்ராக்குக்கு ஆகாது. தூசியும் சத்தமும் குறையத்தான் அது.

ரோடு டயரில் ஓடும் ஹேட்ச்பேக் அல்லது சிறிய செடானுக்கு ஃபெரோடோ டிஎஸ்2500 வகைப் பேடிலிருந்து தொடங்குங்கள். காலையில் ட்ராக் வரை ஓட்டி வரவும் அது பயமில்லாமல் பிடிக்கும். ஹாக் டிடிசி-60, பாகிட் ஆர்எஸ்எல்29 போன்றவை ரேஸ் பேட். அரை ஸ்லிக் டயரும் (பள்ளக் கோடுகள் குறைந்த, பிடி அதிகமுள்ள டயர்) கூடுதல் எடையும் வேகமும் இருந்தால் மட்டும் போங்கள். இவை ஆறியிருக்கும்போது பிடி குறைவாக இருக்கும், கிறீச்சிடும், டிஸ்க்கை அரைக்கும். தினமும் ஆபீஸ் போகும் காரில் இவற்றை நிரந்தரமாக விடுவது தவறு.

பின்னால் டிரம் இருந்தால் முன்னால் ரொம்பக் கடுமையான பேட் வேண்டாம். முன்பக்கமே எல்லா வேலையும் செய்து, சூடும் அங்கேயே குவியும். பின்னாலும் டிஸ்க் என்றால் அதே குடும்பத்தில் முன்னால் உள்ளதற்குச் சமமானதோ ஒரு படி மென்மையானதோ போடுங்கள். பின்பக்கம் முன்பக்கத்தை விடக் கடுமையாக இருக்கவே கூடாது. வளைவுக்குள் நுழையும்போது வண்டியின் பின்பக்கம் சுற்றிக்கொள்ளும்.

வாங்கும் முன் பழைய பேடைக் கழற்றிப் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் காரிலும் நாட்டுக்கு நாடு, வேரியன்ட்டுக்கு வேரியன்ட் காலிப்பர் (பேடைத் தாங்கி டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) மாறும். முதுகுத் தகட்டில் உள்ள எண், நீளம், உயரம், தடிமன் நான்கும் பொருந்த வேண்டும்.

பெடல் சொல்வதைப் புரிந்துகொள்வது

பேடை மாற்ற வேண்டுமா, பிரேக் ஆயிலை மாற்ற வேண்டுமா என்பதில்தான் பலருக்குக் குழப்பம், பணமும் அங்கேதான் வீணாகிறது. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்கவில்லை என்றால் பேட் அதன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே இறங்கி, இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் மேலே வருகிறது என்றால் காலிப்பருக்குள் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். அதனால்தான் பெடல் தரையைத் தொடுகிறது. இதற்கு எந்தப் பேடும் மருந்தல்ல. புதுப் பேட் முதல் சில சுற்றுகளில் மட்டும் பிடிக்காமல் போனால், பேடில் உள்ள பிசின் வெந்து வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம், சரியாகப் பதப்படுத்தவில்லை (அந்த முறை கீழே).

ஆகவே பேடோடு ஆயிலும் மாற்றுங்கள். டாட் 4 தரத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 155 தான். டாட் 5.1 என்றால் 260, 180. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 என்ற ரேஸ் ஆயில் புதிதாக 312 டிகிரி தாங்கும். சென்னைக் காற்றின் ஈரம் ஆயிலுக்கு எதிரி. ஆறு மாதத்துக்கு மேல் ஆன ஆயிலோடு ட்ராக்குக்குப் போகாதீர்கள். போன வருடம் திறந்த பாட்டிலில் மீந்ததையும் ஊற்றாதீர்கள். பழையது முழுவதும் வெளியேறும் வரை நான்கு சக்கரத்திலும் ஏர் எடுங்கள் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது). ஒரு லிட்டர் கையில் வைத்திருந்தால் போதும். டாட் 5 வேறு. அது சிலிக்கோன், டாட் 4 உடன் கலக்கக் கூடாது.

பதப்படுத்துவது

பேடின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் மீது சமமாக ஒட்டினால்தான் பிடி சீராக இருக்கும். பழைய பேட் வேறு ரகம் என்றால் அதன் படலத்தைக் கார்னெட் தாளால் (ஒரு வகை உப்புத்தாள்) தேய்த்து எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். ட்ராக்கில் 100-இலிருந்து 50-க்கு மிதமாக ஆறு முறை, பிறகு 120-இலிருந்து 40-க்கு அழுத்தமாக ஆறு முதல் எட்டு முறை பிரேக் பிடியுங்கள். எதிலும் முழுதாக நிறுத்தக் கூடாது. அதன்பின் பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி வந்து, பெடலிலிருந்து காலை எடுத்து, ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தயாரிப்பாளர் வேறு முறை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பெங்களூரு ஹைவேயில் இதைச் செய்யவே வேண்டாம்; பின்னால் வரும் லாரிக்கு உங்கள் திட்டம் தெரியாது.

சூடான பேடை டிஸ்க்கோடு அழுத்தி வைத்தால் அந்த இடத்தில் மட்டும் படலம் திட்டாக ஒட்டும். அடுத்த முறை ஸ்டியரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று கடைசல் பட்டறைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது, திட்டுத்தான்.

ஒவ்வொரு செஷனுக்குப் (ட்ராக்கில் ஒரு தடவை ஓட்டும் நேரம்) பிறகும் பேடைப் பாருங்கள். ரோட்டில் 3 மிமீ வரை ஓட்டலாம் என்பார்கள். ட்ராக்கில் பாதி தேய்ந்ததுமே மாற்றுவது நல்லது, ஏனென்றால் பேட் மெலிய மெலிய டிஸ்க்கின் சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்குச் சீக்கிரம் போகும். உள்பேடுக்கும் வெளிப்பேடுக்கும் தேய்மானம் 2 மிமீக்கு மேல் வித்தியாசப்பட்டால் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. கழற்றித் துடைத்து, அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். டிஸ்க் எவ்வளவு சூடேறுகிறது என்று அறிய அதன் வெளி விளிம்பில் வெப்பப் பெயின்ட் பூசலாம். 430, 560, 610 டிகிரி அளவில் நிறம் மாறும் மூன்று பெயின்ட் கிடைக்கும். பிட்டுக்கு (ட்ராக்கை ஒட்டி வண்டியை நிறுத்தும் இடம்) வந்தபின் இன்ஃப்ராரெட் கன்னால் அளந்தால் உச்ச சூடு தெரியாது, அதற்குள் நிறைய ஆறியிருக்கும். 430 மட்டும் மாறியிருந்தால் டிஎஸ்2500 வகைப் பேடே போதும். 610-உம் மாறியிருந்தால் பேடை மட்டும் ஒரு படி ஏற்றிப் பயனில்லை; டிஸ்க்குக்குக் காற்றுக் குழாய் வைக்க வேண்டும், அல்லது செஷனைக் குறைக்க வேண்டும்.

ரேஸ் பேட் போட்டிருந்தால் கிளம்பும் முன், டிஸ்க் கையால் தொடும் அளவுக்கு ஆறியபின், ரோடு பேடை மாட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே உள்ள ஆயில் டப்பா வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். காரை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. வீல் நட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 50 கிமீ ஓட்டியபின் இன்னொரு முறை சரிபாருங்கள்.