குல்மார்க் போகுமுன் கண்மாயில் ஒரு பயிற்சி

காரைக்குடிப் பக்கத்திலிருந்து நண்பர்களோடு காஷ்மீரின் குல்மார்க் போய், ஆள் போகாத பனியில் ஒரு நாள் சறுக்கிப் பார்க்க ஆசையா? முதலில் பயிற்சிச் சரிவில் சறுக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பீக்கன் (சிக்னல் அனுப்பவும், புதைந்தவரின் சிக்னலைத் தேடவும் உதவும் கருவி), மண்வாரி, துழாவுகோல் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கோல்) கட்டாயம். பனிச்சரிவில் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வெளி உதவி அதற்குள் வந்து சேராது, கூட வந்தவர்கள்தான் தோண்ட வேண்டும்.

பீக்கன் கைக்கு வந்ததும் வற்றிய கண்மாய்க்குப் போங்கள். ஒன்றை அனுப்பும் நிலையில் வைத்து, பைக்குள் போட்டு, செம்மண்ணில் முழ ஆழம் புதையுங்கள். மற்றவர்கள் தேடும் நிலைக்கு மாற்றி, அம்புக்குறி காட்டும் பக்கம் நடக்கட்டும். 3 மீட்டருக்குள் வந்ததும் நிதானம் வேண்டும்: கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், குறுக்கும் நெடுக்குமாக மெல்ல நகர்த்துங்கள். திரையில் தூரம் காட்டும் எண் எங்கே மிகக் குறைகிறதோ அங்கே துழாவுகோலைக் குத்துங்கள். பதற்றத்தில் பலர் தடுமாறுவது இந்தக் கட்டத்தில்தான். தேடும்போது செல்போன் 50 செ.மீ. தள்ளியே இருக்கட்டும்.

குல்மார்க் போனபின், உள்ளூர் வழிகாட்டியோடு, சாய்வு 30 பாகைக்குக் குறைந்த, தலைக்கு மேல் செங்குத்துச் சரிவு இல்லாத இடமாகக் கேளுங்கள். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம், போன அன்றே சறுக்கக் கிளம்ப வேண்டாம்.