குழு சிகிச்சைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

"நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்" என்ற பயத்திலேயே வளர்ந்தவனை, எட்டுப் பேர் முன்னால் உட்கார்ந்து பேசச் சொன்னார் மருத்துவர். எனக்கு இருந்தது பதற்ற நோய். தனித்தனியாகப் பார்க்க நேரமில்லாமல் மொத்தமாக ஒரு அறையில் அடைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சந்தேகம் முழுக்கத் தப்பும் இல்லை. 1905-இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்கு (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம்) போக வசதியில்லாத காசநோயாளிகளை ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். ஓய்வு, சுத்தம், காற்றோட்டம், அவ்வளவுதான் பாடம். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்தே அவர்களுக்குத் தெம்பு வந்ததை அவர் கவனித்தார். குழு சிகிச்சையின் வரலாற்றை அங்கிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் தனிச் சந்திப்பு

நல்ல சிகிச்சையாளர் உங்களை நேராகக் குழுவுக்குள் அனுப்ப மாட்டார். முன்கூட்டியே ஒருமுறை தனியாகப் பேசுவார். அப்போது நீங்களும் கேளுங்கள். நடத்துபவர் என்ன படித்தவர்? எத்தனை பேர், எத்தனை வாரம், கட்டணம் எவ்வளவு? மூடிய குழுவா, திறந்த குழுவா? மூடிய குழு என்றால் தொடங்கியவர்களே கடைசிவரை. திறந்ததில் ஆட்கள் வந்து போவார்கள். பெரும்பாலும் ஆறிலிருந்து பத்துப் பேர், வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் இருக்கும். என்னுடையது 12 வாரம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது உங்களுக்கு இருந்தால் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தனிச் சிகிச்சைதான் முதலில். குழுவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2. ரகசியம் பற்றித் தெளிவாக இருங்கள்

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டிய கடமையைச் சிகிச்சையாளருக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைமைகள்தான் விதிவிலக்கு. பக்கத்து நாற்காலிக்காரரைக் கட்டுப்படுத்துவதோ அவர் கொடுத்த வாக்கு மட்டும்தான். இதை யாரும் எனக்கு உடைத்துச் சொல்லவில்லை. அதனால் நம்பிக்கை வரும்வரை ஊர், கம்பெனி, குடும்பப் பெயர் எதையும் சொல்லாமல் இருப்பதில் தப்பே இல்லை. தெரிந்த முகம் இருந்தால் உடனே நடத்துபவரிடம் சொல்லிவிடுங்கள்.

3. முதல் நாள்

நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும். கடைசி பெஞ்சைத் தேடினேன். வட்டத்தில் ஏது கடைசி பெஞ்ச்? கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். என்னுடையது: "ஆபீஸ் மீட்டிங் என்றால் முந்தின நாளே வயிற்றைக் கலக்கும்." சொல்லி முடித்ததும் எதிரே இரண்டு தலைகள் ஆடின. பல வருஷமாக எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த விஷயம் அது.

நடுவில் மௌனம் வரும், ஒரு நிமிடம் ஒரு மணி நேரம் போல இருக்கும். நடத்துபவர் அதை நிரப்ப மாட்டார். விட்டுவிடுங்கள்.

4. அறிவுரையை அடக்குங்கள்

நமக்கு மிகவும் கஷ்டமான பாடம் இதுதான். யாராவது வாய் திறந்ததும் "வாக்கிங் போங்க", "என் மச்சானுக்கும் இப்படித்தான் இருந்தது" என்று கிளம்பிவிடுவோம். ஒருநாள் ஒருவர் அழுதார் (யார், எதற்கு என்று சொல்ல மாட்டேன், விதி விதிதான்). நான் பாய்ந்து டிஷ்யூ பெட்டியை நீட்டினேன். "அவங்களுக்கு வேணும்னா எடுத்துப்பாங்க. அவங்க அழுதப்ப உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் சிகிச்சையாளர். பெட்டி என் கையிலேயே இருந்தது. அழுகையைத் தாங்க முடியாமல் அதை நிறுத்தப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்று, உறவுமுறை. ஒரு பையன் என்னை "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்தான். அவ்வளவுதான், நான் மூத்தவனாகிவிட்டேன். இரண்டு வாரம் அவனுக்குத் தைரியம் சொன்னேனே தவிர, என் பயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. "அண்ணன் ஆனதும் உங்க பயம் எங்க போச்சு?" என்று சிகிச்சையாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிறகு எல்லோரும் பெயர் சொல்லியே கூப்பிட்டோம். அந்தப் பையன் வாயில் என் பெயர் வர மூன்று வாரம் ஆனது.

5. விட்டுவிடத் தோன்றும்

மூன்றாவது வாரம் எனக்குத் தோன்றியது. மனம் முன்பைவிடக் கனமாக இருந்தது. இது பலருக்கும் நடக்கும். அமர்வு முடிந்ததும் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். நான் எதிரே டீக்கடையில் அரை மணி நேரம் சும்மா நிற்பேன். போதும் என்று முடிவு செய்தாலும் போனை அணைத்துவிட்டு மறைந்துவிடாமல், ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போங்கள். குழுவில் யார் மீதாவது கோபம் வந்தால் அதையும் அங்கேயே சொல்லலாம். அதற்கும்தான் அந்த இடம்.

வீட்டில் கேட்டால்? உங்களைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

(ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த அமைப்பில் சிகிச்சையாளர் கிடையாது, கட்டணமும் கிடையாது. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் தாங்களே நடத்துவது.)

6. கடைசி அமர்வு

மூடிய குழுவில் இது விடைபெறுவதற்கென்றே இருக்கும். ஊருக்குப் போகும் பஸ்ஸைச் சாக்காகச் சொல்லித் தவிர்க்காதீர்கள். எங்கள் 12-ஆவது வாரம், வாட்ஸ்அப் குரூப் தொடங்கலாமா என்று நான்தான் கேட்டேன். அதைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினோம். தொடங்கவில்லை.