ஐம்பதுக்கு மேல் பாட்டு வகுப்பு: எங்கே தவறுகிறோம்?

மகள் கல்யாணம் முடிந்தது, தறியைப் பையன் பார்த்துக்கொள்கிறான், இனியாவது பாட்டுக் கற்கலாம் என்று வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வயசுல குரல் வருமுங்களா?" என்பது. வருமுங்க. பெரும்பாலும் கெடுப்பது வயது அல்ல, தப்பான கட்டை. கட்டை என்றால் நாம் 'ஸ' பிடிக்கும் சுருதியின் உயரம்; எண் கூடக்கூடச் சுருதி மேலே போகும்.

கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் கணீர்க் குரலைக் கேட்டு வளர்ந்த கொங்குச் சீமை இது. அவர் சிறுவயதிலிருந்தே நாடக மேடையில் பாடித் தேறியவர். அந்த உச்சத்தை வகுப்பில் சேர்ந்த முதல் மாதமே எட்டப் பார்த்தால் கழுத்து நரம்புதான் புடைக்கும். ஆண்களுக்குப் பொதுவாக 1 முதல் 2 கட்டை, பெண்களுக்கு 5 முதல் 6 கட்டை என்பார்கள். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் கொஞ்சம் கீழே இறங்குவது இயல்பு. நாலரைக் கட்டையில் சௌகரியமாக நிற்கிற குரலை, 'பொம்பளைக் குரல்னா ஐந்தரை' என்று மேலே இழுக்க வேண்டியதில்லை. கீழே மந்திர ஸ்தாயி பஞ்சமம் (கீழ் வரிசையின் 'ப') வெறும் காற்றாகிவிடாமல் கேட்க வேண்டும். மேலே தார ஸ்தாயி காந்தாரம் (மேல் வரிசையின் 'க') கத்தாமல் வர வேண்டும். இரண்டும் அமைகிற இடம்தான் உங்கள் கட்டை. கரோக்கேயிலும் இதே வம்புதான். ட்ராக் பெரும்பாலும் அசல் பாடகரின் சுருதியில் இருக்கும். அதைக் குறைக்கும் வசதி பல செயலிகளில் உண்டு. அதைத் தொட்டால் கௌரவம் போய்விடும் என்று ஏன் நினைக்கிறார்களோ!

அப்புறம் அவசரம். முதன்முதலில் கற்கும் சுரப்பயிற்சியான சரளி வரிசை சின்னப்பிள்ளைச் சமாச்சாரம் என்று தாண்டிவிட்டு நேராகக் கீர்த்தனைக்குப் போகிறார்கள். சரளி வரிசை பாடும் ராகமான மாயாமாளவகௌளையில் ஸ-ரி-க-ம நான்குக்கும் ப-த-நி-ஸ நான்குக்கும் இடைவெளி ஒரே மாதிரி. கீழ்ப்பாதியில் காது பிடித்ததை மேல்பாதியில் அப்படியே பயன்படுத்தலாம். மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) பாடச் சொன்னால், முதல் காலத்திலேயே அதிக நேரம் இருங்கள். வேகமாகப் பாடும்போது சுருதி பிசகுவது நமக்கே தெரியாது.

வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியில் மைதானம் முழுக்கக் கேட்கப் பாடிப் பழகியவர்களுக்குத் தாளம் கச்சிதமாக நிற்கும். சுருதிக்கு மீட்டும் தம்புராதான் காதில் விழாது, சொந்தக் குரலே அதை மூடிவிடும். வீட்டில் பாதிக் குரலில் பாடிப் பாருங்கள்.

மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு எல்லாம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். அவை உணவுக்குழாயில் போகின்றன. குரல்நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதும், ராத்திரி லேட்டாகச் சாப்பிட்டு உடனே படுக்காமலிருப்பதும் அதைவிட உதவும். கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் பாட்டை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

காதையும் சேர்த்தே பார்த்துவிடலாம். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகியிருக்கலாம். "எனக்கு ஞானம் இல்லைங்க" என்று ஒதுங்கும் முன் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தம்புரா செயலியைப் போனிலேயே போட்டுவிட்டுப் பாடவும் வேண்டாம். போனின் குட்டி ஸ்பீக்கரில் கீழ்ச்சுரம் சரியாக எழும்பாது. வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர் ஒன்றில் இணைத்து, உங்களைப் பார்த்தபடி எதிரே வைத்துக்கொண்டு ஸட்ஜத்தை ('ஸ'வை) பிடியுங்கள்.