சேரும் முன் ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள்

வேலை, குடும்பம் என்று ஓடிய பிறகு ஓவியமோ புது மொழியோ கற்க நினைப்பவர்களுக்கு என் முதல் யோசனை: பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார அனுமதி கேளுங்கள். பாடத்திட்டத்தைவிட ஆசிரியரின் கைகளைக் கவனியுங்கள். மாணவரின் தூரிகையை வாங்கித் தானே வரைந்து காட்டுகிறாரா, பக்கத்தில் நின்று அவரையே வரைய விடுகிறாரா? இரண்டாவது வகை ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம், அன்று இரவே நோட்டைப் பார்க்காமல், நினைவில் நின்றதை எழுதுங்கள். பாதிதான் வரும், பரவாயில்லை. விட்டதை நோட்டைப் பார்த்து நிரப்புங்கள். மூன்று நாள் கழித்து மறுபடியும். கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். இடைவெளி விட்டுப் படிப்பது எந்த வயதிலும் கைகொடுக்கும்.

கட்டணம் கட்டுப்படியாகவில்லையா? ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ (University of the Third Age; மூன்றாம் வயது என்றால் ஓய்வுக்காலம்) என்ற பெயரில் குழு ஏதாவது அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில், முதியவர்களுக்காகத் தொடங்கியது இது. பல நாடுகளில் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லித்தருகிறார்கள். தையல் தெரிந்தவர் அதைச் சொல்லித்தந்துவிட்டு, அடுத்த அறையில் போய் வரலாறு கேட்கலாம்.