பழைய ஜப்பானிய சாகே (அரிசி மது) குப்பியைத் துடைக்கும் முன்

வீட்டு ஊறுகாய் ஜாடியும் ஸ்டோன்வேர்தான், அதாவது அதிக வெப்பத்தில் சுட்ட கெட்டி மண்பாண்டம். ஆனால் அதற்கு கிளேஸ் என்ற கண்ணாடி போன்ற மேல்பூச்சு உண்டு, தேய்த்துக் கழுவலாம். பிசென் வகை சாகே குப்பிக்கு அந்தக் கவசம் கிடையாது. ஜப்பானின் ஒகயாமா பக்கத்து இம்பே சூளைகளில் கிளேஸ் பூசாமல், பைன் விறகில் பத்து நாள் போலச் சுட்டெடுப்பது அது. தோளில் எள்ளளவு மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால், விறகுச் சாம்பல் பறந்து உருகிப் படிந்தவை. செம்மண் நிறக் கீற்றுகள், வைக்கோல் சுற்றிச் சுட்ட தடம். அழுக்கென்று நினைத்து ஸ்கிரப்பர் போட்டால் கீறல்தான் மிஞ்சும்.

முதல் வேலை, பழைய ஒட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மேசையில் தடித்த துண்டை மடித்துப் போட்டு, ஒரு கை அடியிலும் ஒரு கை வயிற்றிலுமாகத் தூக்குங்கள். கழுத்தைப் பிடிக்கவே கூடாது. அதிகம் உடைவதும் ஒட்டப்படுவதும் அங்கேதான். பஞ்சுக் கையுறை வழுக்கும், சுத்தமான வெறுங்கையே மேல். இருட்டறையில் 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடித்தால் எபாக்சி பசை பெரும்பாலும் வெளிர் நீலமாகவும் ஷெல்லாக் என்ற அரக்குப் பசை ஆரஞ்சாகவும் ஒளிரும். ஒட்டோ, கின்சுகியின் (உடைந்ததை அரக்கால் ஒட்டித் தங்கப்பொடி பூசும் ஜப்பானிய முறை) தங்கக் கோடோ தெரிந்தால் ஈரமே வேண்டாம். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி நிறுத்திவிடுங்கள்.

ஒட்டும் விரிசலும் இல்லாத குப்பிக்கு பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் உருட்டுங்கள். தேய்த்தால் மணல் துகளை இழுத்துக்கொண்டு போய்க் கோடு போடும். அழுக்கானதும் குச்சியை மாற்றுங்கள். சாம்பல் படிந்த சொரசொரப்பில் பஞ்சு இழை மாட்டும். அங்கே ஈரப் பிரஷ். போர் தண்ணீர் அறவே கூடாது, திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் உப்பு கூடுதல். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்பில் ஊறிய உப்பு, காய்கிறபோது படிகமாகி மேற்பரப்பைச் செதிலாக உரிக்கும். பிளீச்சும் உப்பை விட்டுச்செல்லும்.

குப்பிக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். குறுகிய கழுத்து, உள்ளே லேசில் காயாது. அரிசி போட்டுக் குலுக்குவதும் ஆபத்து. உள்ளிருக்கும் பழைய கறை பயன்பாட்டுக்குச் சாட்சி, இருக்கட்டும்.

வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாளாவது விட்டுத்தான் மரப்பெட்டிக்குள் வைக்கலாம். பெட்டி மூடியில் மையால் எழுதிய எழுத்து இருந்தால் ஈரத்துணி படக்கூடாது. பெட்டியை, கரையானுக்கு எட்டாதபடி, சுவரைத் தொடாமல் இரும்பு அலமாரியில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

உடைந்துபோனால் சூப்பர் க்ளூ போடாதீர்கள். பொடித் துண்டைக்கூட விடாமல் எடுத்து, விளிம்புகள் உரசாதபடி தனித்தனியாகச் சுற்றி கன்சர்வேட்டரிடம் (பழம்பொருள் பாதுகாப்பு நிபுணர்) கொடுங்கள். அவர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 என்ற பசை அசிட்டோனில் கரையும், தேவைப்பட்டால் பிரித்து மறுபடி ஒட்டலாம். ஆனால் அது 40 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். அப்படி ஒட்டிய குப்பியை மேற்கு வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். மே மாதத்தில் பூட்டிய காருக்குள் பத்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.